வாக்குத்தத்த அட்டைக்கு அப்பால்: வேதத்தின்படி அன்றாடம் நடக்க ஒரு முழுமையான வழிகாட்டி

டிசம்பர் 31 இரவு ஆராதனை முடிந்ததும் வரிசையில் நின்று ஆளுக்கொரு அட்டை வாங்குகிறோம். அதில் இருக்கும் வசனம்தான் அந்த வருடத்து வாக்குத்தத்தம். வீட்டுக்கு வந்ததும் அது பீரோ கதவிலோ ஃபிரிட்ஜ் மேலோ ஏறிவிடும். அந்த வசனத்துக்கு மேலே என்ன இருக்கிறது, கீழே என்ன இருக்கிறது என்று வேதாகமத்தைத் திறந்து பார்ப்பவர்கள் குறைவு.

அட்டை கொடுப்பதில் தப்பில்லை. அட்டையோடு நின்றுவிடுவதில்தான் சிக்கல். "நான் வசனத்தின்படி நடக்கிறேன்" என்று சொல்பவர் நமக்கு இனிக்கிற வசனத்துக்குக் கொடுக்கும் அதே மரியாதையை, உறுத்துகிற வசனத்துக்கும் கொடுக்க வேண்டும். அதற்கு வாசிக்கும் முறை ஒன்று வேண்டும். சி.எஸ்.ஐ., லுத்தரன், பெந்தெகொஸ்தே என்று எந்தச் சபையில் இருந்தாலும் இந்த முறை உதவும். கத்தோலிக்கருக்கு வேதாகமத்தில் 73 புத்தகங்கள், நமக்கு 66. மற்றபடி இங்கே சொல்வதில் பெரும்பகுதி அவர்களுக்கும் பொருந்தும்.

1. முதலில் வாசிப்பு

வேதாகமத்தில் 1,189 அதிகாரங்கள். வார நாட்களில் மூன்று, ஞாயிற்றுக்கிழமை ஐந்து என்று வாசித்தால் வாரத்துக்கு 23. 52 வாரத்தில் முழுவதும் முடிந்துவிடும். இந்தக் கணக்கு நம் பாட்டிமார் காலத்திலிருந்தே சபைகளில் புழங்குகிறது. ஆனால் புதிதாகத் தொடங்குபவருக்கு இதை நான் சொல்ல மாட்டேன். ஜனவரியில் ஆதியாகமத்தில் ஆரம்பித்து, பிப்ரவரியில் லேவியராகமத்து தகனபலியில் சிக்கி, அப்படியே மூடி வைத்தவர்கள் ஏராளம்.

புதிய ஏற்பாட்டில் மட்டும் 260 அதிகாரங்கள். திங்கள் முதல் வெள்ளி வரை தினம் ஒன்று படித்தால் சரியாக ஒரு வருடம். சனி, ஞாயிறு இரண்டு நாளும் விட்டுப்போனதைப் பிடிக்க இருக்கவே இருக்கிறது. மாற்கில் தொடங்குங்கள், 16 அதிகாரம்தான், கதை விறுவிறுவென்று போகும். பிறகு லூக்காவையும் அப்போஸ்தலர் நடபடிகளையும் அடுத்தடுத்துப் படியுங்கள். இரண்டும் ஒரே ஆள் தெயோப்பிலு என்பவருக்கு எழுதியவை. சேர்த்துப் படித்தால்தான் அந்த ஓட்டம் புரியும்.

காலையா, இரவா என்று கேட்பார்கள். நீங்கள் தூங்கி விழாத நேரம் எதுவோ அதுதான் நேரம். ஃபோனில் படிப்பதென்றால் வாட்ஸ்அப்பை மூடிவிட்டுப் படியுங்கள். இல்லையென்றால் ரோமர் எட்டாம் அதிகாரத்தின் நடுவில் யாரோ குட்மார்னிங் அனுப்புவார்கள். அச்சுப் புத்தகமும் ஒரு பென்சிலும் இருந்தால் நல்லது. புரியாத இடத்தில் ஓரத்தில் கேள்விக்குறி போட்டுவிட்டு மேலே போய்க்கொண்டே இருக்கலாம். மனப்பாடத்துக்குப் பழைய மொழிபெயர்ப்பு, புரிந்துகொள்ள எளிய மொழிபெயர்ப்பு ஒன்று என இரண்டையும் பக்கத்தில் வைத்துக்கொள்வது பலருக்கு ஒத்துவருகிறது.

2. வசனத்தை அதன் வீட்டில் வைத்துப் பாருங்கள்

இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும்தான் செய்ய முடியும் என்றால், இதைச் செய்யுங்கள்.

புத்தாண்டு அட்டைகளில் அதிகம் வரும் வசனங்களில் ஒன்று எரேமியா 29:11. "நீங்கள் எதிர்பார்த்திருக்கும் முடிவை உங்களுக்குக் கொடுக்கும்படிக்கு நான் உங்கள்பேரில் நினைத்திருக்கிற நினைவுகளை அறிவேன் என்று கர்த்தர் சொல்லுகிறார்." அட்டையில் இதைப் பார்த்ததும் மனசில் என்ன ஓடும்? மகனுக்கு வேலை, மகளுக்கு வரன், பாதியில் நிற்கும் வீடு, எல்லாம் இந்த வருடமே.

இப்போது அந்த அதிகாரத்தை முதல் வசனத்திலிருந்து வாசியுங்கள். அது ஒரு கடிதம். எருசலேமிலிருந்து எரேமியா, பாபிலோனுக்குச் சிறைபிடித்துக் கொண்டுபோகப்பட்டவர்களுக்கு எழுதி அனுப்பியது. போனவர்கள் சீக்கிரம் ஊர் திரும்பிவிடலாம் என்று காத்துக்கொண்டிருக்கிறார்கள். அதற்கு முந்தைய அதிகாரத்தில் அனனியா என்ற தீர்க்கதரிசி, இரண்டே வருடத்தில் எல்லாம் திரும்பி வரும் என்று ஆலயத்தில் ஜனங்களுக்கு முன்பாகச் சொல்கிறான். எரேமியாவின் கழுத்தில் கிடந்த நுகத்தையும் எடுத்து உடைக்கிறான். கூட்டத்துக்கு எது பிடித்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. அந்த அனனியா அதே வருடம் ஏழாம் மாதத்தில் செத்துப்போகிறான்.

கடிதம் என்ன சொல்கிறது? வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்து வையுங்கள், உங்களைச் சிறைபிடித்த அந்தப் பட்டணத்தின் சமாதானத்துக்காக ஜெபம் பண்ணுங்கள். எட்டாம் வசனத்தில், உங்கள் நடுவிலிருக்கும் தீர்க்கதரிசிகள் உங்களை ஏமாற்ற இடங்கொடாதிருங்கள் என்று எச்சரிக்கை. பத்தாம் வசனத்தில் கணக்கு வருகிறது: 70 வருடம். அதற்குப் பிறகுதான் பதினொன்றாம் வசனம்.

அந்தக் கடிதத்தைக் கையில் வாங்கியபோது நாற்பது வயதாக இருந்தவர் ஊர் திரும்பியிருக்க முடியாது. வாக்குத்தத்தம் உண்மைதான், அது அவருடைய பேரப்பிள்ளைகள் காலத்தில் நிறைவேறியது. அவருக்குச் சொல்லப்பட்டதோ, அந்நிய மண்ணில் தோட்டம் போடு என்பது. இப்படி வாசிக்கும்போது வசனத்தின் ஆறுதல் போய்விடுகிறதா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. இந்த வருடம் வேலை கிடைக்காதவனுக்கும் இந்த வசனத்தில் இடமுண்டு என்று இப்போதுதான் தெரிகிறது. அட்டையில் மட்டும் படித்தவன் டிசம்பர் வந்ததும் தன் விசுவாசத்தில்தான் ஏதோ குறை என்று நொந்துபோவான்.

எந்த வசனத்தை எடுத்தாலும் மூன்று கேள்வி கேளுங்கள். இதை யார் யாரிடம் சொன்னது? அவர்கள் என்ன நிலைமையில் இருந்தார்கள்? முந்தைய பத்து வசனமும் பிந்தைய பத்து வசனமும் என்ன சொல்கின்றன? பிலிப்பியர் 4:13ஐயும் இப்படிப் பாருங்கள். "எல்லாவற்றையும் செய்ய எனக்குப் பெலனுண்டு" என்பதைப் பரீட்சை நாளில் பிள்ளைகளுக்குச் சொல்லி அனுப்புகிறோம். பவுல் அதை எழுதியது கட்டுண்ட நிலையில். மேலே இருக்கும் இரண்டு வசனங்கள் பசியோடிருக்கவும் குறைவுபடவும் கற்றுக்கொண்டதைப் பற்றிப் பேசுகின்றன. பரீட்சையில் தோற்று வந்த பிள்ளைக்குத்தான் அந்த வசனம் இன்னும் அதிகமாகத் தேவை.

3. நடந்ததைச் சொல்வது வேறு, நடக்கச் சொல்வது வேறு

வேதத்தில் எழுதியிருப்பதெல்லாம் நாம் செய்ய வேண்டியவை அல்ல. யெப்தா அவசரத்தில் பொருத்தனை பண்ணி மகளை இழந்தான் என்று நியாயாதிபதிகள் 11 சொல்கிறது. அப்படிப் பண்ணு என்று சொல்லவில்லை.

நம் வீடுகளில் அதிகம் மாட்டுவது கிதியோனின் தோல், அதாவது மயிருள்ள தோலைக் களத்தில் போட்டு, அதில் பனி பெய்கிறதா என்று பார்த்து அவன் கேட்ட அடையாளம். "ஆண்டவரே, நாளை பத்து மணிக்குள் அவர்கள் ஃபோன் பண்ணினால் இது உம்முடைய சித்தம்" என்று ஜெபிப்பவர்கள் அவனைத்தான் ஆதாரம் காட்டுவார்கள். நியாயாதிபதிகள் ஆறாம் அதிகாரத்தை முழுக்க வாசித்தால், 14ஆம் வசனத்திலேயே கர்த்தர் அவனிடம் போகச் சொல்லிவிட்டார் என்பது தெரியும். தோல் போட்டதெல்லாம் அதன் பிறகு, அவன் பயத்தில் செய்தது. தேவன் பொறுத்துக்கொண்டார். அவ்வளவுதான்.

பலிகள், உணவு விதிகள், இரண்டு நூல் கலந்த துணி போன்ற நியாயப்பிரமாணக் கட்டளைகள் வரும்போது அப்போஸ்தலர் 15ஆம் அதிகாரத்தையும் எபிரெயர் நிருபத்தையும் பக்கத்தில் வைத்து வாசியுங்கள். ஆதிச்சபையே உட்கார்ந்து பேசித் தீர்த்த விஷயம் அது; நாம் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதில்லை.

4. பிரசங்கத்தைச் சோதித்துப் பாருங்கள்

பவுல் பேசியதையே பெரோயா ஊர்க்காரர்கள் அப்படியே விழுங்கவில்லை. "காரியங்கள் இப்படியிருக்கிறதா என்று தினந்தோறும் வேதவாக்கியங்களை ஆராய்ந்துபார்த்த" அவர்களை அப்போஸ்தலர் 17:11 நற்குணசாலிகள் என்கிறது. ஜெர்மானிய மிஷனரி சீகன்பால்க் 1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கி, அடுத்த பத்தாண்டுக்குள் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சேற்றியது குருமார் மட்டும் படித்துச் சொல்வதற்காக அல்ல. ஆகவே பாஸ்டரைச் சோதிப்பது பாவமோ என்று பயப்பட வேண்டாம்.

ஒரு சிறு நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். பிரசங்கத்தில் சொல்லப்பட்ட வசன எண்களை மட்டும் குறியுங்கள். ஞாயிறு மதியம் சாப்பிட்டு எழுந்ததும் (தூங்குவதற்கு முன்பு என்றால் உத்தமம்) அவற்றைச் சுற்றியுள்ள பகுதிகளை வாசியுங்கள். இருபது நிமிடம் போதும்.

உதாரணத்துக்கு, காணிக்கை நேரத்தில் தவறாமல் வரும் மல்கியா 3:10. தசமபாகங்களையெல்லாம் பண்டசாலைக்குக் கொண்டுவாருங்கள், வானத்தின் பலகணிகள் திறக்கும். ஐந்து வசனம் மேலே போனால், 3:5இல் கர்த்தர் யாருக்கு விரோதமாய்த் தீவிரமான சாட்சியாய் இருப்பேன் என்கிறார்? கூலிக்காரரின் கூலியை அபகரிப்பவர்கள், விதவையையும் திக்கற்ற பிள்ளையையும் ஒடுக்குபவர்கள். முதல் இரண்டு அதிகாரத்தில் பெரும்பகுதி (1:6 முதல் 2:9 வரை) ஆசாரியர்களுக்குக் கிடைக்கும் கண்டனம். உபாகமம் 14:28-29ஐத் திறந்தால், மூன்றாம் வருடத்துத் தசமபாகம் லேவியனுக்கும் பரதேசிக்கும் திக்கற்ற பிள்ளைக்கும் விதவைக்கும் என்று எழுதியிருக்கிறது. கொடுக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கொடுப்பவர்களையும் வாங்குபவர்களையும் சேர்த்தே வேதம் கேள்வி கேட்கிறது. பவுல் 2 கொரிந்தியர் 9:7இல் விசனமாயுமல்ல, கட்டாயமாயுமல்ல என்கிறார். சாபத்தைக் காட்டிப் பயமுறுத்தி வாங்கும் காணிக்கை எந்தக் கணக்கில் வரும் என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

வசனம் சொல்லிவிட்டார் என்பதாலேயே ஒருவர் சொல்வது சரியாகிவிடாது. வனாந்தரச் சோதனையில் பிசாசு மேற்கோள் காட்டியது 91ஆம் சங்கீதம். இயேசு அதற்குப் பதிலாக உபாகமத்திலிருந்து இன்னொரு வசனத்தை எடுத்தார். வசனத்தை வசனத்தோடு வைத்துப் பார்ப்பது என்பது இதுதான்.

தீர்க்கதரிசனம் சொல்பவர்கள் வந்தால் அசட்டை பண்ணவும் வேண்டாம், அப்படியே நம்பவும் வேண்டாம். 1 தெசலோனிக்கேயர் 5:20-21 இரண்டையும் ஒரே மூச்சில் சொல்கிறது. சொன்னதைத் தேதி போட்டு எழுதி வையுங்கள். நடக்காமல் போனால் உபாகமம் 18:22 என்ன சொல்கிறது என்று பாருங்கள்.

கேள்வி வந்தால் கேட் வாசலில் நின்று நாலு பேரிடம் பேசாதீர்கள். வார நாளில் ஃபோன் பண்ணி, "ஐயா, நீங்க சொன்ன அந்த வசனத்துக்கு முன்னாடி இப்படி வருதே, அதை எப்படிப் புரிஞ்சுக்கணும்?" என்று கேளுங்கள். நல்ல போதகர் இந்தக் கேள்வியில் மகிழ்ந்துபோவார். கோபப்பட்டால் அதுவும் ஒரு தகவல்தான்.

5. குடும்ப ஜெபம்

பதினைந்து நிமிடம். ஒரு பாட்டு, ஒரு பகுதி, இரண்டு கேள்வி, சின்ன ஜெபம். வாசிப்பதைச் சுற்றில் விடுங்கள். எழுத்துக் கூட்டிப் படிக்கும் பிள்ளைக்கும் நாலு வசனம் கொடுங்கள். "இதில் உனக்கு எது புரியவில்லை?" என்று கேட்டால் பிள்ளைகள் பேசுவார்கள். "இதிலிருந்து நீ என்ன கற்றுக்கொண்டாய்?" என்று கேட்டால் கீழ்ப்படிய வேண்டும் என்ற ஒரே பதில்தான் தினமும் வரும்.

ஜெபத்தை மருமகளுக்குப் புத்தி சொல்லும் இடமாக்க வேண்டாம். "கர்த்தாவே, இந்த வீட்டில் சோம்பலின் ஆவியை நீக்கும்" என்று கண்ணை மூடிக்கொண்டு யாரைச் சொல்கிறோம் என்பது எல்லோருக்கும் தெரியும்.

6. வீட்டு முடிவுகளில்

வேதத்தின்படி நடப்பது சோதிக்கப்படும் இடம் ஞாயிறு ஆராதனை அல்ல. கல்யாணப் பேச்சு, சம்பளம் கொடுக்கும் நாள், கடைத் தராசு, ஃபோனில் ஃபார்வர்ட் பட்டன்.

முதலில் கல்யாணம். வரன் விளம்பரத்தில் "மறுபடி பிறந்த, ஜெபிக்கிற பெண் தேவை" என்று எழுதிவிட்டு அடுத்த வரியில் சாதியைக் குறிப்பிடுகிறோம். மோசே எத்தியோப்பியப் பெண்ணை மணந்ததை மிரியாம் குறைசொன்னபோது யாருக்குத் தண்டனை வந்தது என்று எண்ணாகமம் 12ஐ வாசித்துப் பாருங்கள். சபைக்கு வரும் பணக்காரனுக்கு நல்ல இடமும் ஏழைக்குக் காலடியும் கொடுப்பதை யாக்கோபு 2 பாவம் என்றே பெயர் சொல்கிறது. இது இன்று நேற்றுப் பிரச்சனையும் அல்ல. 1833இல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன் சபைகளில் சாதி வேற்றுமை கூடாது என்று உத்தரவிட்டபோது, தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் பலர் சபையை விட்டே வெளியேறினார்கள். ஆராதனையை விட்டுக்கொடுத்தவர்கள் சாதியை விட்டுக்கொடுக்கவில்லை. கல்லறைத் தோட்டத்திலும் சுவர் எழுப்பியிருக்கும் ஊர்கள் இன்றும் இருக்கின்றன.

வரதட்சணைக்கு "அன்பளிப்பு" என்று பெயர் வைத்துவிட்டு, கல்யாணத் தேதி குறிக்கும்போது ராகு காலத்தையும் ஓரக்கண்ணால் பார்த்துக்கொள்ளும் விசுவாசிக் குடும்பங்கள் உண்டு. இதற்குத் தனி வசனம் தேட வேண்டியதில்லை. பத்துக் கட்டளையின் முதலாவதும் கடைசியும் போதும்.

சம்பளம். உபாகமம் 24:15 கூலிக்காரனுடைய கூலியைப் பொழுது போகுமுன்னே கொடுக்கச் சொல்கிறது. அவன் ஏழை, அதன்மேல் ஆவலாயிருக்கிறான் என்று காரணமும் சொல்கிறது. வீட்டு வேலைக்கு வரும் அக்காவுக்கு ஒன்றாம் தேதி கொடுக்க வேண்டியதை ஏழாம் தேதி வரை தள்ளிவிட்டு உபவாச ஜெபத்துக்குப் போனால், வேலைக்காரரை ஒடுக்கிக்கொண்டே உபவாசிப்பதைக் கண்டிக்கும் ஏசாயா 58 சங்கடப்படுத்தும். கடை வைத்திருப்பவர்கள் லேவியராகமம் 19:35-36ஐ தராசுக்குப் பக்கத்தில் ஒட்டலாம். "இதை இருபது பேருக்கு அனுப்பினால் இன்று இரவு அற்புதம்" என்று வரும் செய்திகளை அழித்துவிடுங்கள். ஒருவரைப் பற்றிய வதந்தி என்றால் யாத்திராகமம் 23:1ஐ நினைத்துக்கொண்டு அழியுங்கள்.

பெற்றோர். மாற்கு 7இல் இயேசு பரிசேயரிடம் கோபப்பட்டது இதற்காகத்தான்: தாய் தகப்பனுக்குக் கொடுக்க வேண்டியதை "கொர்பான்", அதாவது காணிக்கை, என்று சொல்லி ஒதுக்கிவிட்டால் போதும் என்று அவர்கள் சட்டம் வைத்திருந்தார்கள். ஆலயக் கட்டிட நிதிக்குக் கல்வெட்டில் பெயர் வரும்படி கொடுத்துவிட்டு, அம்மாவின் மருந்துச் செலவை அண்ணன் தம்பி மாறி மாறித் தள்ளிவிடும் வீடுகளுக்கு அந்த அதிகாரம் நேராகவே பேசுகிறது.

7. வேதம் கட்டளையிடாத இடத்தில்

நகை போடலாமா, பூ வைக்கலாமா, தாலியா மோதிரமா என்று கேட்டால் சபைக்கு ஒரு பதில். நகை கூடாது என்பவர்கள் 1 பேதுரு 3:3ஐக் காட்டுவார்கள். அதே வசனத்தில் மயிரைப் பின்னுவதும் இருக்கிறது. சடை போடக் கூடாது என்று யாரும் சொல்வதில்லை. பேதுரு பேசுவது உள்ளத்து அலங்காரம் எது என்பதைப் பற்றி. ஒருவர் மனச்சாட்சிப்படி நகையைக் கழற்றினால் மதியுங்கள். இன்னொருவர் போட்டிருந்தால் இரட்சிப்பைச் சந்தேகப்படாதீர்கள். ரோமர் 14 முழுவதும் இப்படிப்பட்ட சண்டைக்காகவே எழுதப்பட்டது. வேதத்திலிருந்து குறைப்பது எப்படித் தப்போ, அப்படியே கூட்டுவதும் தப்பு என்று உபாகமம் 4:2 சொல்கிறது. வைராக்கியமானவர்கள் அடிக்கடி விழுவது இந்த இரண்டாவதில்.

8. வியாதி வரும்போது

இதை ஒரு எச்சரிக்கையாகவே சொல்கிறேன். விசுவாசம் இருந்தால் மாத்திரை எதற்கு என்று யாராவது சொல்லி, சர்க்கரை மாத்திரையையோ வலிப்பு மருந்தையோ நிறுத்தச் சொன்னால், கேட்காதீர்கள். எசேக்கியா ராஜா பிழைப்பான் என்று வாக்குச் சொன்ன அதே ஏசாயாதான், அத்திப்பழ அடையைப் பிளவையின்மேல் பற்றுப்போடச் சொன்னான் (ஏசாயா 38:21). தீமோத்தேயுவின் வயிற்றுக்குப் பவுல் வைத்தியம் சொல்கிறார். துரோப்பீமுவை வியாதிப்பட்டவனாக மிலேத்துவில் விட்டுவந்தேன் என்று 2 தீமோத்தேயு 4:20இல் ஒளிக்காமல் எழுதுகிறார். அவருடன் பயணம் செய்த லூக்கா ஒரு வைத்தியர். ஜெபியுங்கள், எண்ணெய் பூசச் சொல்லி மூப்பரை அழையுங்கள், மாத்திரையையும் நேரத்துக்குப் போடுங்கள்.

ஆஸ்பத்திரிக்குப் பார்க்கப் போகும்போது யோபுவின் நண்பர்களை நினைத்துக்கொள்ளுங்கள். அவர்கள் உருப்படியாகச் செய்தது முதல் ஏழு நாள் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்ததுதான். "ஏதாவது பாவம் இருக்கிறதா என்று ஆராய்ந்து பாருங்கள்" என்று கட்டிலருகே சொல்லாதீர்கள். நோயாளி வாசிக்கச் சொன்னால் 23ஆம் சங்கீதம். மிகவும் உடைந்துபோயிருந்தால் 88ஆம் சங்கீதத்தையும் வாசிக்கலாம். ஆறுதல் வரியே இல்லாமல் இருளில் முடியும் சங்கீதம் அது. இப்படிப் புலம்பவும் வேதம் இடம் கொடுக்கிறது என்று தெரிவது சிலருக்குப் பெரிய நிம்மதி.

9. விட்டுப்போனால்

கண்டிப்பாக விட்டுப்போகும். பிள்ளைகளுக்குப் பரீட்சை, ஊரில் துக்கம், ஆபீஸில் வருடக் கணக்கு முடிவு. இரண்டு வாரம் விட்டுவிட்டு, அத்தனையையும் ஒரே நாளில் வாசித்து ஈடுகட்டப் பார்க்காதீர்கள். அதில்தான் பலர் மொத்தமாக நிறுத்திவிடுகிறார்கள். அட்டவணையில் இன்றைய தேதிக்கு என்ன பகுதி இருக்கிறதோ அதை எடுத்து வாசியுங்கள். விட்டதை அடுத்த வருடச் சுற்றில் பார்த்துக்கொள்ளலாம்.